துப்பாக்கிக்கு முன் குறியைத் தேர்ந்தெடுங்கள்



திருவொற்றியூரிலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதம் இம்மாதம் என் மேசையில் இருக்கிறது. கல்லூரியில் படிக்கும் அவருடைய மகனுக்கு வயது 19. என்.சி.சி. முகாமில் துப்பாக்கி சுடுவதில் முதலாவதாக வந்திருக்கிறான். அன்று முதல் வீட்டில் வேறு பேச்சே இல்லையாம். "சொந்தமாக ஒரு ரைபிள் வேண்டும் என்கிறான். துறைமுகத்தில் வேலை பார்க்கும் அவன் அத்தாவும் வாங்கித் தரலாம் என்கிறார். குறி பார்த்துப் பழகவும் ஆயிற்று, எண்ணூர்ப் பக்கம் போய்க் கொக்கோ முயலோ அடித்து வரவும் ஆயிற்று என்பது அவர் கணக்கு. எனக்கோ வீட்டுக்குள் துப்பாக்கி என்றாலே நெஞ்சு படபடக்கிறது. நல்ல துப்பாக்கி எது? வாங்கலாமா, கூடாதா?" என்று கேட்டிருக்கிறார்.

இந்தக் கேள்வியை அச்சம் என்று தள்ளிவிடவும் முடியாது, ஆசை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. ஒரு தாயின் பயமும் ஓர் இளைஞனின் திறமையும் ஒரே வீட்டில் எதிரெதிரே நிற்கின்றன. இரண்டையும் மதித்துப் பதில் சொல்ல வேண்டும். ஆகவே துப்பாக்கியைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், அது எதைக் குறி வைக்கப் போகிறது என்பதைப் பேசிவிடுவோம்.

கொக்கும் முயலும்

ஏறக்குறைய 1970-ஆம் ஆண்டு. எனக்கு அப்போது 12 வயது இருக்கும். என் சின்ன மாமா ஒரு காற்றுத் துப்பாக்கி வைத்திருந்தார். ஒரு விடுமுறை நாளில் எண்ணூர்க் கழிமுகத்துக்கு என்னை அழைத்துச் சென்று, சேற்றில் அசையாமல் நின்ற ஒரு மடையானைக் காட்டி, "சுடு" என்றார். சுட்டேன். பட்டது. பறவை விழுந்தது, ஆனால் சாகவில்லை. இடையில் இடுப்பளவுச் சேறு. எங்களால் அதனிடம் போய்ச் சேரவும் முடியவில்லை, அறுக்கவும் முடியவில்லை. பொழுது சாயும்வரை அது ஒரு சிறகை அடித்துக்கொண்டிருந்தது. வீடு திரும்பும் வழியில் மாமாவும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அதன் பிறகு உயிருள்ள எதையும் நான் குறி பார்த்ததில்லை.

உயிருள்ளதைக் கட்டி வைத்துக் குறி பார்த்துப் பழகுவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள் என்பதைப் பின்னாளில்தான் அறிந்தேன். அம்பெய்யக் கற்றுக்கொள்ளும்படி ஆர்வமூட்டியவர்களும் அவர்களே. கலையைக் கற்றுக்கொள், உயிரை விளையாட்டுப் பொருளாக்காதே. இரண்டும் சேர்ந்ததே பாடம்.

"உண்பதற்காக வேட்டையாடினால் என்ன, பிஸ்மில்லாஹ் சொல்லித்தானே சுடுவோம்?" என்று சிலர் கேட்கக்கூடும். துப்பாக்கியால் விழுந்த வேட்டைப் பொருளின் சட்டம் என்ன என்பதை ஆலிம்களிடம் கேளுங்கள். ஆனால் நம் நாட்டில் அந்தக் கேள்விக்குப் போவதற்கு முன்பே வாசல் மூடப்பட்டிருக்கிறது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், அதற்கு 1991-இல் வந்த திருத்தமும் பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமில்லாமல் செய்துவிட்டன. முயல், கொக்கு, நாரை, காட்டு வாத்து, கவுதாரி எதுவாயினும், சுட்டால் குற்றம். 2022-ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பிறகு பொதுவான குற்றங்களுக்கே மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. கல்லூரி மாணவன் ஒருவன் ஒரு முயலுக்காக வழக்கில் சிக்கினால் அவனுடைய வேலை வாய்ப்பு என்னவாகும் என்று அந்த அத்தா எண்ணிப் பார்க்கட்டும்.

எண்ணூர்ப் பறவைகள் படும் பாடு ஏற்கெனவே போதும். அனல்மின் நிலையங்களின் சாம்பல் ஒரு பக்கம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு கழிமுகத்தில் பரவியபோது, கூழைக்கடாக்கள் கருத்த சிறகுகளோடு தத்தளித்ததை நாம் படங்களில் பார்த்தோம். மீனவர் வலைகளும் படகுகளும் பாழாயின. எஞ்சியவற்றின் மீதுமா குண்டு பாய வேண்டும்?

இன்னொரு காரணமும் உண்டு. சிறிய .22 குண்டு ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால் செல்லக்கூடியது. தண்ணீரில் சாய்வாகப் பட்டால் அது மூழ்காது. தட்டித் தாவித் திசை மாறிப் பறக்கும். கழிமுகத்தில் குண்டைத் தடுக்க மேடு கிடையாது. எதிர்க் கரையில் இறால் தடவிக்கொண்டிருப்பவர் யாருடைய தகப்பனோ!

பறவையைச் சுட்ட ஒரு முஸ்லிம் சிறுவனின் கதையை இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். 1896-இல் பம்பாயில் பிறந்த சாலிம் அலி, பெற்றோரை இழந்து மாமா அமீருத்தீன் தையப்ஜியின் வீட்டில் வளர்ந்தவர். காற்றுத் துப்பாக்கியால் சிட்டுக் குருவிகளைச் சுடுவது அவருடைய பொழுதுபோக்கு. ஒரு நாள் விழுந்த குருவியின் தொண்டையில் மஞ்சள் நிறம் தெரிந்தது. இது என்ன பறவை என்ற ஐயம் எழுந்தது. மாமாவுக்கும் தெரியவில்லை. அவர் கடிதம் கொடுத்துப் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்திற்கு அனுப்பினார். அங்கே மில்லார்டு என்னும் ஆங்கிலேயர் சிறுவனை அன்போடு வரவேற்றுப் பறவைகளின் உலகத்தைத் திறந்து காட்டினார். சுட்ட கை எழுதத் தொடங்கியது. இந்தியப் பறவையியலின் தந்தை என்று போற்றப்பட்ட அவர் 1976-இல் பத்ம விபூஷண் பெற்றார், 1987-இல் மறைந்தார். தன் வரலாற்று நூலுக்கே அவர் அந்தக் குருவியின் வீழ்ச்சியைத்தான் பெயராகச் சூட்டினார்.

ஆக, குறி எது என்பது தீர்ந்தது: காகிதம், காகிதம் மட்டுமே. இனி ரைபிளுக்கு வருவோம்.

ஏன் .22?

'பாயின்ட் டூ டூ' என்று நாம் சொல்லும் இந்த ரைபிளின் குண்டு 5.6 மில்லிமீட்டர் குறுக்களவும், பெரும்பாலும் 2.6 கிராம் எடையும் உடையது. பெரிய தோட்டாக்களில் மருந்தைப் பற்றவைக்கும் பொருள் பின்புறத்தின் நடுவில் இருக்கும். இதில் அது அடிப்பாகத்தின் மெல்லிய விளிம்புக்குள் அடைக்கப்பட்டிருக்கும். துப்பாக்கியின் ஊசி அந்த விளிம்பை நசுக்கியதும் வெடிக்கும். அமெரிக்காவில் 1887-இல் வந்த இந்தத் தோட்டா இன்றும் உலகெங்கும் பழகுபவர்களின் முதல் தோட்டாவாக இருக்கிறது. உதை மிகக் குறைவு, ஓசை குறைவு, செலவும் மற்றத் தோட்டாக்களை விடக் குறைவு. உதை இல்லாததால் கண்ணை மூடிச் சுடும் கெட்ட பழக்கம் வராது. நம் என்.சி.சி. முகாம்களில் பல்லாண்டுகளாக மாணவர் கையில் கொடுக்கப்படுவதும் இதுவே.

போல்ட் முறை என்பது, ஒவ்வொரு முறையும் கையால் கைப்பிடியைத் தூக்கி, இழுத்து, தள்ளி, இறக்கிப் பூட்டுவது. நம் வீட்டுக் கதவின் தாழ்ப்பாளை நினைத்துக்கொள்ளுங்கள். அசையும் உறுப்புகள் சில, பூட்டு உறுதி. தோட்டா ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் ஒரே விதமாக அமர்கிறது. துல்லியம் என்பதன் இரகசியம் இந்த 'ஒரே விதம்' என்ற இரண்டு சொற்களில்தான் இருக்கிறது. தவிர, சுடுபவன் நிதானிக்கிறான். ஒரு குண்டுக்கும் அடுத்த குண்டுக்கும் நடுவே மூச்சு விட நேரம் இருக்கிறது.

2024 ஆகஸ்ட் 1 அன்று பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாளே வெண்கலம் வென்றது 50 மீட்டர் ரைபிள் மூன்று நிலைப் போட்டியில்; இந்த வகை .22 ரைபிளால்தான். மண்டியிட்டும், படுத்தும், நின்றும் சுட வேண்டிய போட்டி அது. அந்த இலக்கில் பத்துப் புள்ளிக்குரிய வட்டம் 10.4 மில்லிமீட்டர்தான், நம் சட்டைப் பொத்தான் அளவு. கோலாப்பூர்ப் பக்கத்துக் கிராமத்து இளைஞரான அவர் ரயில்வேயில் பயணச்சீட்டுப் பரிசோதகராக வேலை பார்த்தவர். துறைமுகத் தொழிலாளியின் மகனுக்கு இது எட்டாத கனி அல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

நல்ல ரைபிளின் அடையாளம்

எந்தக் கம்பெனி என்பதுதான் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி. போட்டி வீரர்கள் பெரும்பாலும் ஜெர்மானிய அன்ஷுட்ஸ், வால்தர், ஃபைன்வெர்க்பாவ் ரைபிள்களைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் 1980-களின் நடுப்பகுதி முதல் தனியார் துப்பாக்கி இறக்குமதி செய்வது நம் நாட்டில் தடுக்கப்பட்டிருக்கிறது. தகுதி பெற்ற போட்டி வீரர்களுக்கும் சங்கங்களுக்கும் மட்டும் விலக்கு உண்டு. மற்றவர்க்கு எஞ்சுவன, மேற்கு வங்காளத்தின் இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலை போன்ற உள்நாட்டு ஆலைகளின் தயாரிப்பும், பழைய உரிமதாரர்களிடமிருந்து கைமாறி வரும் பிர்னோ போன்ற பழைய ரைபிள்களும். ஆகவே பெயரைவிடப் பொருளைப் பார்க்கக் கற்றுக்கொள்வதே பயன் தரும்.

முதலாவது, உடலுக்குப் பொருத்தம். பின்கட்டையைத் தோளில் வைத்துக் கன்னத்தைச் சாய்த்தால், கண் தானாகக் குறியமைப்பின் நேரே வர வேண்டும். கழுத்தை நீட்டியோ குறுக்கியோ பார்க்க வேண்டியிருந்தால் அந்த ரைபிள் எவ்வளவு உயர்ந்ததானாலும் உங்களுடையதல்ல. தையல்காரர் அளவெடுக்காமல் சட்டை தைப்பதில்லை அல்லவா? கனமான ரைபிள் அசையாது நிற்கும் என்பது உண்மை. ஆயினும் ஏந்துபவனின் முதுகு வளைந்தால் அந்தக் கனமே பகையாகும். இடக்கைப் பழக்கம் உள்ளவருக்கு வலப்பக்க போல்ட் ஒவ்வொரு குண்டுக்கும் இடைஞ்சல் தரும்.

இரண்டாவது, குழல். போல்ட்டைக் கழற்றிவிட்டு, வெளிச்சத்துக்கு எதிரே குழலின் உள்ளே பாருங்கள். வரிப்பள்ளங்கள் பளபளவென்று சுழன்று செல்ல வேண்டும். கரும்புள்ளிகள் தெரிந்தால் துரு தின்ற குழிகள் என்று அறிக. குழலின் வாய் விளிம்பை விரல் நகத்தால் சுற்றித் தடவுங்கள். குண்டு கடைசியாகத் தொட்டுச் செல்லும் இடம் அது. அங்கே சிறு வடு இருந்தாலும் குண்டு விலகும்.

மூன்றாவது, டிரிகர் என்னும் விசை. மெல்ல அழுத்தும்போது இழுபடாமல், உரசாமல், கண்ணாடிக் குச்சி ஒடிவதுபோல் ஒரே இடத்தில் விடுபட வேண்டும். மிக இலேசான விசை புதியவருக்கு ஆபத்து.

நான்காவது, கட்டையும் குழலும் சேரும் இடம். திருகாணிகள் தளர்ந்திருந்தால் எவ்வளவு சுட்டாலும் குண்டுகள் சிதறும். "ரைபிள் கெட்டுவிட்டது" என்று விற்கப்படும் சில ரைபிள்களுக்குத் தேவையானது ஒரு திருப்புளிதான்!

ஐந்தாவது, குறியமைப்பு. இலக்குப் பயிற்சிக்குச் சிறு துளை வழியே பார்க்கும் அமைப்பே கண்ணையும் ஒழுங்கையும் வளர்க்கும். தொலைநோக்கி பொருத்துவதானால், அது 50 மீட்டருக்குச் சரிசெய்யத்தக்கதா என்று கேளுங்கள். பெரிய ரைபிளுக்காகச் செய்யப்பட்டவை பொதுவாக 100 கஜத்திற்கு அமைக்கப்பட்டவை. அருகில் உள்ள இலக்கில் கண் சற்று நகர்ந்தால் குறியும் நகர்வது போலத் தோன்றும்.

ஆறாவதும் பலர் மறப்பதும் தோட்டா. விளிம்பில் வெடிக்கும் தோட்டாவுக்கு ஒரு குணம் உண்டு: ஒரு ரைபிளுக்கு ஒத்துவருவது அதே ஆலையில் செய்த மற்றொரு ரைபிளுக்கு ஒத்துவராது. வேகம் கூடியது சிறந்தது என்பதும் பிழை. சென்னை வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் செல்கிறது. அதைவிட வேகமாகக் கிளம்பும் குண்டு, போகும் வழியில் அந்த வேகத்துக்குக் கீழே இறங்கும்போது தடுமாறக்கூடும். போட்டித் தோட்டாக்கள் வேண்டுமென்றே அதற்குக் கீழான வேகத்தில் செய்யப்படுகின்றன. இரண்டு மூன்று வகைத் தோட்டாக்களில், மணல் மூட்டையின் மேல் ரைபிளைத் தாங்கி, 50 மீட்டரில் ஐந்தைந்து குண்டுகளாகப் பலமுறை சுட்டுப் பாருங்கள். குண்டுகள் நடுவில் விழுந்தனவா என்பதை முதலில் பார்க்காதீர்கள். நெருங்கி விழுந்தனவா என்று பாருங்கள். இதைத்தான் முகாம்களில் 'குரூப்பிங்' என்பார்கள். நெருக்கம் ரைபிளையும் தோட்டாவையும் காட்டும். நடுவுக்குக் கொண்டுவருவது குறியமைப்பைத் திருப்பும் வேலை மட்டுமே.

சட்டம் என்ன சொல்கிறது?

1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி .22 ரைபிளும் உரிமம் வேண்டிய துப்பாக்கியே. சென்னைப் பெருநகரில் காவல் ஆணையரிடமும், மாவட்டங்களில் ஆட்சியரிடமும் விண்ணப்பிக்க வேண்டும். காவல்துறை விசாரணை உண்டு. 2016-ஆம் ஆண்டின் விதிகள், பாதுகாப்பாகக் கையாளப் பயிற்சி பெற்ற சான்றும், வீட்டில் பத்திரமாக வைப்பேன் என்ற உறுதியும் கேட்கின்றன. 2019 திருத்தத்துக்குப் பின் உரிமம் ஐந்தாண்டுக்கு வழங்கப்படுகிறது. தேர்தல் காலங்களில் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வதும் வழக்கம். உறவினர் கைமாற்றாகத் தருகிறார், நண்பர் சில நாள் வைத்துக்கொள்ளச் சொல்கிறார் என்பதெல்லாம் கூடவே கூடாது. உரிமம் இல்லாத கையில் இருக்கும் கணமே குற்றம்.

21 வயது நிரம்பாதவர் மற்றவரைப் போலத் தம் பெயரில் துப்பாக்கி வாங்கி வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருவதில்லை. ஆனால் பயிற்சியின்போது, விதிக்கப்பட்ட நிபந்தனைகளுக்கு உட்பட்டு இளையவர்கள் சுடுவதற்கு அதே சட்டம் வழி வைத்திருக்கிறது. அங்கீகாரம் பெற்ற ரைபிள் சங்கத்து உறுப்பினர், இலக்குப் பயிற்சிக்காக .22 ரைபிளைப் பயன்படுத்துவதற்குச் சில சலுகைகளும் உண்டு. ஆகவே நம் சகோதரியின் மகனுக்கு நேரான வழி சங்கம்தான். எழும்பூரில் இருக்கும் சென்னை ரைபிள் கிளப் போன்ற சங்கத்தில் விசாரியுங்கள். பயிற்சியாளரின் கண் முன்னால், சங்கத்துத் துப்பாக்கியில் சுடட்டும். 10 மீட்டர் காற்று ரைபிளில் தொடங்குவது இன்னும் நல்லது. மூச்சு, விசை, நிற்கும் நிலை மூன்றையும் அது ஈவிரக்கமின்றிக் கற்றுத்தரும். 2012-இல் லண்டனில் வெண்கலம் பெற்ற ககன் நாரங் வென்றது அந்தப் போட்டியில்தான். அவர் பிறந்த ஊர் நம் சென்னை என்பது பலருக்குத் தெரியாது.

உப்புக் காற்றும் வீட்டுச் சாவியும்

நாளை உரிமம் பெற்று வாங்கும் நாள் வந்தால், நம் பகுதிக்கே உரிய ஒரு பகைவனை நினைவில் வையுங்கள். இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடலோரத்தில் வசிக்கும் நமக்குச் சன்னல் கம்பியும் சைக்கிளும் எவ்வளவு விரைவில் துருப்பிடிக்கின்றன என்று தெரியும். ரைபிளுக்கும் அதே கதிதான். தோலுறையிலோ துணியுறையிலோ மாதக்கணக்கில் வைத்தால் அது ஈரத்தை உறிஞ்சி இரும்புக்கு ஊட்டும். சுட்ட அன்றே வியர்வைக் கைபட்ட இடங்களை எண்ணெய்த் துணியால் துடையுங்கள். பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். குழலை அளவுக்கு மீறித் தேய்க்க வேண்டாம். துடைக்கும் கம்பியைப் பின்பக்கமிருந்தே செலுத்துங்கள். வாய்ப்பக்கம் செலுத்தினால் விளிம்பு தேயும். தோட்டா இல்லாமல் வெறுமனே விசையை அழுத்தி விளையாடுவதும் கூடாது. இந்த வகைத் துப்பாக்கியில் ஊசி குழலின் விளிம்பிலேயே மோதிக் கெடுக்கலாம்.

துருவைவிடப் பெரிய கவலை, வீட்டில் இருக்கும் சிறுவர்கள். போல்ட் ஒரு பூட்டுக்குள், ரைபிள் ஒரு பூட்டுக்குள், தோட்டா மூன்றாவது பூட்டுக்குள். சாவி உரிமதாரரின் இடுப்பில். வெறும் துப்பாக்கிதானே என்று யாரை நோக்கியும் நீட்டக்கூடாது. விளையாட்டுக்குக்கூட ஒரு சகோதரனை நோக்கி ஆயுதத்தைக் காட்டக்கூடாது என்பது நமக்குக் கற்பிக்கப்பட்ட ஒழுக்கம். அம்போடு கடைத்தெருவிலோ பள்ளிவாசலிலோ செல்பவர் அதன் முனையைக் கையால் பிடித்துக்கொள்ள வேண்டும் என்ற நபிவழியை எண்ணிப் பாருங்கள். திருவொற்றியூர் நெடுஞ்சாலையின் நெரிசலில் ரைபிளோடு பயிற்சிக்குச் செல்பவருக்கு இதைவிடத் தெளிவான விதி எது?

சகோதரியே, உங்கள் கேள்விக்கு இப்போது சுருக்கமாகப் பதில் சொல்கிறேன். இன்று ரைபிள் வாங்க வேண்டாம். அந்தப் பணத்தில் சங்கத்துச் சந்தாவும் பயிற்சிக் கட்டணமும் கட்டுங்கள். இரண்டு ஆண்டு அவன் விடாமல் சென்றால், எது தனக்குப் பொருந்தும் ரைபிள் என்று அவனே உங்களுக்கும் எனக்கும் சொல்லிவிடுவான். வயதும் சட்டத்தின் எல்லையைத் தொட்டிருக்கும். ஆறு மாதத்தில் ஆசை தணிந்துவிட்டால், வீட்டுக்குள் ஓர் ஆயுதம் வீணே கிடக்காது. உங்கள் நெஞ்சின் படபடப்பை அவனிடம் மறைக்காதீர்கள். அம்மாவின் அந்த அச்சத்தை அவன் பயிற்சிக் கூடத்துக்கும் எடுத்துச் செல்லட்டும். அவனைப் பாதுகாப்பாகச் சுடுபவனாக ஆக்குவதில் அதற்கும் பங்குண்டு.

அவன் அத்தாவுக்கும் ஒரு சொல். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மகனை எண்ணூருக்கு அழைத்துச் செல்லுங்கள். துப்பாக்கி வேண்டாம். அந்தக் கொக்குகள் சேற்றில் எவ்வளவு நேரம் அசையாமல் நிற்கின்றன என்று அவன் பார்க்கட்டும். குறி பார்ப்பவனுக்கு வேண்டிய பொறுமையைப் பறவையிடமிருந்தே கற்றுக்கொள்ளலாம்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம். வஸ்ஸலாம்.